தம்பிக்கு, வாள் வாங்குவது பற்றி

பீட்டர்பரோ, கனடா
பிப்ரவரி 8

அன்புள்ள தம்பி,

மரம் அறுக்கிற மெஷின் வாள் (செயின்சா) வாங்கணும், ரெண்டில் எது நல்லதுன்னு கேட்டு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின ரெண்டு நோட்டீஸ் படமும் கிடைச்சது. போனில் சொன்னா பாதியிலேயே "சரிண்ணே, சரிண்ணே"ன்னு வச்சிருவ. அதனாலதான் உக்காந்து எழுதுறேன். அம்மைக்கும் வாசிச்சுக் காட்டு. வாள் சங்கதி தொடங்கினதும் அவ எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிருவா, அதனால அவளுக்கு உள்ளதை முதல்ல சொல்லிடுறேன்.

நல்லா இருக்கேன். வேளாவேளைக்குச் சாப்பிடுறேன். இன்னைக்குக் காலம்பற மைனஸ் 21. மூக்குக்குள்ள இருக்கிற ஈரம்கூட உறையுது, ஆனா வெயில் கண்ணைப் பறிக்கிற மாதிரி அடிக்குது. பத்து நாளைக்கு ஒருதரம் ஸ்கார்பரோவுக்குப் போய்ச் சாமான் வாங்குறேன். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தோலுரிச்சு, நறுக்கி, ஐஸாக்கி பாக்கெட்டில் கிடைக்குது. வேகவச்சா நம்ம வீட்டுப் பதம் வராது, ஆனா மீன்கறி ஊத்தினா தெரியாது. அங்க கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் வாயைத் திறந்ததும் "நீங்கள் மலையாளியோ?"ன்னு கேட்டார். கேரள எல்லையில் கிடக்கிற பனச்சமூட்டுக்காரனுக்கு இது புதுசா? சந்தையில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனா பாண்டி, இந்தப் பக்கம் வந்தா மலையாளத்தான். கனடா வந்தும் அது தீரல.

இனி உன் காரியம்.

இங்க எங்க வேலையில் முக்காலும் செத்த மரம் முறிக்கிறதுதான். ஆஷ்ன்னு ஒரு மரம், நம்ம அயனி மாதிரி நேரா உசந்து வளரும். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு அதைத் தின்னே தீர்த்துடுச்சு. 2002-ல இங்க எல்லையில் விண்ட்சர் பக்கமும் அந்தப் பக்கம் டெட்ராய்ட்டிலும் முதல்ல கண்டுபிடிச்சாங்க. வண்டு இலையைத் தின்னா மரம் பிழைச்சுக்கும். ஆனா அதோட புழு பட்டைக்கு அடியில் நெளிஞ்சு நெளிஞ்சு அரிச்சுத் தண்ணி ஏறுற வழியை அடைச்சிரும். நாலஞ்சு வருஷத்தில் மரம் சுள்ளி. செத்த ஆஷ் ரொம்ப மோசம். அடியில் ஆப்பு அடிச்சா அந்த அதிர்ச்சியில் உச்சிக்கொம்பு முறிஞ்சு தலையில் விழும். அதனால இங்க வாள் வேகமா அறுக்குதாங்கிறது ரெண்டாவது பேச்சு. வேலை முடிஞ்சு சீக்கிரம் அங்கிருந்து விலக முடியுதாங்கிறதுதான் முதல் பேச்சு.

எங்க வண்டியில் நீ கேட்ட ரெண்டுமே கிடக்கு. ஸ்டில் எம்.எஸ். 462, ஹஸ்க்வர்னா 572 எக்ஸ்.பி. ரெண்டையும் மாத்தி மாத்தி மூணு குளிர்காலம் பிடிச்சிருக்கேன். நோட்டீஸை வச்சுப் பாத்தா சகோதரனும் சகோதரனும்தான்: ஒண்ணு 72.2 சி.சி., மற்றது 70.6. ஒண்ணு 4.4 கிலோவாட், மற்றது 4.3. இந்தப் புள்ளிக்கணக்கைப் பிடிச்சுக்கிட்டு சண்டை போடுறவங்களை நானும் பாத்திருக்கேன். சங்கிலி மொட்டையா இருந்தா அந்த வித்தியாசம் பத்து மடங்கா தலைகீழாயிரும், கேட்டியா? நல்லா அரம் போட்ட 572 மொட்டைச் சங்கிலி போட்ட 462-ஐ அழ வைக்கும், நேர்மாறாவும் அப்படித்தான்.

எடையில்தான் உள்ள சங்கதி. 462 ஆறு கிலோ, 572 ஆறு கிலோ 600 கிராம். இது பாரும் (சங்கிலி சுத்தி ஓடுற நீளத் தகடு) சங்கிலியும் போடாம, பெட்ரோல் ஊத்தாம சொல்ற கணக்கு. 20 இஞ்சு பார் போட்டு ரெண்டு டாங்கும் நிறைச்சா எதுவானாலும் எட்டு கிலோவைத் தாண்டும். 600 கிராமா, அது என்னன்னு நினைப்ப. காலம்பற ஒன்பது மணிக்கு ஒண்ணும் தெரியாது. மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டு விழுந்த மரத்தில் ஏறி நின்னு கொம்பு கழிக்கும்போது, ஒவ்வொரு கொம்புக்கும் வாளைத் தூக்கித் தாழ்த்தும்போது, நாலு மணிக்குத் தோள்பட்டை கணக்குச் சொல்லும். ஆனா மரத்தை அடியோட முறிக்கிறதுக்கும், தரையில் கிடக்கிற பெரிய தடியைத் துண்டு போடுறதுக்கும் எனக்கு 572 பிடிக்கும். கனத்தாலயோ என்னவோ, தடியில் வச்சா அடங்கி உக்காந்து இறங்கும். கைக்கு வர்ற நடுக்கமும் எனக்குக் குறைவாத் தோணுது. நடுக்கத்தை லேசா நினைச்சிராதே. வருஷக்கணக்கா பிடிச்சவங்களுக்குக் குளிரில் விரல் வெள்ளையா வெளுத்து மரத்துப்போறதை இங்க கண்ணால பாத்தேன். எங்க கூட்டத்தில் ஒரு கிழவருக்குச் சட்டை பட்டன் மாட்ட முடியல. இந்த 572-லேயே கைப்பிடி சூடாகிற மாடல் ஒண்ணு இருக்கு, எக்ஸ்.பி.ஜி.ன்னு பேரு. கைப்பிடிக்கு ஹீட்டர்! பேச்சிப்பாறை வெயிலில் அதை யாரிடமாவது சொல்லிப் பாரு, அடிக்க வருவாங்க.

உனக்கு எது வேணும்னு கேட்டா, முதல்ல நீ என்ன அறுக்கப்போற, அதைச் சொல்லு. ரப்பர் எஸ்டேட் மொத்தமாப் பிடிச்சு முறிச்சு பெரும்பாவூருக்கு லோடு ஏத்துறதுதான் வேலைன்னா எழுபது சி.சி. எதுக்கு? பால் வெட்டி முடிச்ச முப்பது வருஷ ரப்பரோட கனம் உனக்குத் தெரியாததா. அதுக்கு அறுபது சி.சி. வாள் தாராளம்: ஸ்டில்லில் 362, ஹஸ்க்வர்னாவில் 562. ரெண்டும் 3.5 கிலோவாட்தான், தோளும் பிழைக்கும். சக்கை (பலா), அயனி, பழைய புளின்னு வீட்டுமரமும் எடுக்கப்போறேன்னா எழுபது சரி. அப்பா காலத்தில் ரெண்டு பேர் அறக்கவாள் வச்சு இழுத்த அயனியை ஒத்தையாளா இறக்கிரலாம்.

அதுக்கு அப்புறம் ரெண்டு காரியம் விசாரி. நோட்டீஸில் அது இருக்காது.

ஒண்ணு, பெட்ரோல். நம்ம ஊர் பங்க்கில் இப்போ ஊத்துறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. வாள் வாங்கும்போது கூடக் கொடுக்கிற புத்தகத்தை யாரும் விரிக்கிறதில்லை, நீ விரி. ஸ்டில் புத்தகத்தில், எம்-ட்ரானிக்ன்னு கம்ப்யூட்டர் வச்ச மாடலுக்கு (462 அந்த வகைதான்) 27 சதவீதம் வரைக்கும் சரின்னும், கையால திருகு வச்சு ட்யூன் பண்ற பழைய மாடலுக்குப் பத்துக்கு மேல வேண்டாம்னும் எழுதியிருக்கு. ஹஸ்க்வர்னா புத்தகத்தில் பத்துதான் எல்லைன்னு இருக்கு. இங்க எங்களுக்கு இந்த யோசனையே கிடையாது, எத்தனால் கலக்காத பெட்ரோல் சில பங்க்கில் தனியா கிடைக்குது. உனக்கு அது கிடைக்காது, அதனால நான் 462 பக்கம் சாயறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். எதை வாங்கினாலும், எத்தனால் ஈரத்தை இழுக்கும்னு ஞாபகம் வச்சுக்கோ. லிட்டருக்கு 20 மில்லி ஆயில் ஊத்திக் கலக்கினதை மழைக்காலம் முழுக்கக் கேனில் போட்டு வச்சு, வெயில் வந்ததும் ஊத்தாதே. வேலை இல்லாத மாசம் டாங்கைக் காலி பண்ணி, தானா அணையிற வரைக்கும் ஓடவிட்டு வை.

ரெண்டாவது, பிரிச்சு மாட்ட ஆள். நீ அனுப்பின ரெண்டு மாடலிலும் கார்புரேட்டரில் திருகு கிடையாது. மார்த்தாண்டத்தில் நம்ம மெக்கானிக் ஸ்குரூடிரைவரை வச்சுக் காதைச் சாய்ச்சுக் கேட்டு ட்யூன் பண்ணுவார் பாரு, அந்தக் கைவேலைக்கு இதில் இடமில்லை. குளிரோ சூடோ, ஃபில்டர் அழுக்கானதோ, அதுவே பாத்துச் சரிபண்ணிக்கும். சரிபண்ணாம மக்கர் பண்ணினா வயரை மாட்டிக் கம்ப்யூட்டரில் பாக்கிற கடைக்கு எடுத்துட்டுப் போகணும். அப்படி ஒரு கடை எது பக்கத்தில் இருக்குன்னு நாகர்கோவிலிலும் நெய்யாற்றின்கரையிலும் நேரில் போய்க் கேளு. போனில் எல்லாரும் "உண்டு, உண்டு"ம்பாங்க. பிஸ்டன் ரிங்கும் ஆயில் பம்பும் அலமாரியில் இருக்கான்னு எடுத்துக் காட்டச் சொல்லு. கடை ரெண்டு பஸ் மாறிப் போற தூரத்தில் இருந்தா, நான் மேல எழுதின 600 கிராம், நடுக்கம் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு, பக்கத்துக் கடைக்காரன் எதை விக்கிறானோ அதை வாங்கு. லோடு பேசி லாரி வந்து நிக்கிற அன்னைக்கு வாள் கடையில் கிடந்தா கூலி யார் கொடுப்பா?

பாரும் சங்கிலியும் ஒண்ணோட ஒண்ணு சேராதுன்னும் தெரிஞ்சுக்கோ. ஒரு கம்பெனி பாரின் தலையில் இருக்கிற ஓட்டை மற்றதில் அப்படியே உக்காராது. பாரில் சங்கிலி ஓடுற காடியோட அகலமும் 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர்ன்னு வேறவேற இருக்கும். சந்தையில் "எல்லாம் ஒண்ணுதான் சேட்டா"ன்னு சொல்லித் தருவான், நம்பாதே. பாரில் பொறிச்சிருக்கிற நம்பரைப் பாத்து வாங்கு. அரமும் அப்படித்தான்: இங்க எட்டில்மூணு இஞ்சு பிட்ச் (கண்ணிகளோட இடைவெளி) சங்கிலிக்கு ஸ்டில்காரன் 5.2 மில்லி அரம்ங்கிறான், ஹஸ்க்வர்னாகாரன் 5.5. ரப்பர் அறுக்கிறவனுக்கு நுனி கூரான பல்லு வேண்டாம், முனை மழுங்கின மாதிரி இருக்கிற பல்லு வாங்கு; மண்ணும் பாலும் பட்டாலும் கொஞ்சம் தாங்கும். பால் காய்ஞ்சு மூடிக்குள்ள ஒட்டி இறுகும் முன்னாடி சாயங்காலமே மண்ணெண்ணெய் தொட்டுத் துடை. தூள் மாவாட்டம் வந்தா அரம் போட நேரமாச்சு. சில்லு சில்லா விழணும்.

வாளை நானே வாங்கி அனுப்பணும்னு கேட்டிருந்த. அது வேண்டாம் மக்கா. ஒருதரம் பெட்ரோல் ஊத்தின மெஷினை விமானத்தில் ஏத்த விடமாட்டாங்க. புதுசா அனுப்பினாலும் இங்க வாங்கினதுக்கு அங்க கேரண்டி கேக்க முடியாது. பணம் அனுப்புறேன். மாசத் தவணையில் வாங்காதே.

நான் அனுப்பப் போறது வேற ஒண்ணு.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடிச்ச ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பத்தாங்கிளாஸ். காலம்பற எந்திரிச்சா அருமனை ரோட்டில் ரப்பர் எல்லாம் பாய் விரிச்ச மாதிரி கிடந்தது. நானும் சித்தப்பாவும் விலை குறைச்சுக் கிடைச்ச ஒரு வாளைத் தூக்கிட்டு இறங்கினோம். அதில் சங்கிலியை நிறுத்துற பிரேக் வெறும் அலங்காரம்னு அன்னைக்குத் தெரியாது. காத்தில் விழுந்த மரம் வளைஞ்சு வில் மாதிரி நின்னதைச் சித்தப்பா மேலிருந்து அறுத்தார். கொம்பு தெறிச்சுது, பாரோட நுனி மேலே எகிறிச் சுழன்று தொடையில் இறங்கிச்சு. கட்டியிருந்தது கைலி. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற ரோட்டையும் மரம்தான் அடைச்சிருந்தது. நாலு பேர் கட்டிலில் சுமந்துட்டுப் போனோம். இன்னைக்கும் அவர் சர்ச் படியை ஒவ்வொண்ணா ஏறுறாரே, அது வயசில்லை.

இங்க வந்த முதல் வாரம் கம்பெனியில் வாளைத் தொடவே விடல. வாள் பிடிக்கிறவங்க போடுற பாதுகாப்புக் கால்சட்டை பழசு ஒண்ணைத் தடியில் சுத்தி, ஓடுற வாளை அதில் இறக்கிக் காட்டினாங்க. மேல்துணி கிழிஞ்சதும் உள்ளே இருந்து வெள்ளை நூல் கத்தை கத்தையா வெளியே வந்து சங்கிலியைச் சுத்திப் பல்சக்கரத்தில் சிக்கி, வாள் நின்னுபோச்சு. கண்ணை இமைக்கிற நேரம்தான். தடியில் ஒரு கீறல் இல்லை. எல்லாரும் சிரிச்சுக் கைதட்டினாங்க. எனக்குச் சித்தப்பா கட்டிலில் கிடந்ததுதான் கண்ணில் வந்துச்சு, வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்னேன்.

முழுக் கால்சட்டை நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஆகாது, ரெண்டு நாளில் கழட்டி அசைக்கொடியில் போட்டிருவ. முன்பக்கம் மட்டும் மூடி, பின்னால பட்டை போட்டு மாட்டுறது ஒண்ணு இருக்கு, அதை எடுக்கிறேன். கூடக் காதடைப்பு வச்ச ஹெல்மெட் ஒண்ணு. கைலிக்கு மேல அதைக் கட்டினா உபயோகமில்லை. ஜீன்ஸ் போட்டு மேல கட்டணும். ஒருதரம் சங்கிலி பட்டுக் கிழிஞ்சா தைக்கக் கூடாது, தூரப் போட்டிரணும். அம்மை ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைக்கவும் விடாதே, உள்ள இருக்கிற நூல் வீணாப் போயிரும்.

இங்க கூட வேலை பாக்கிற திருவல்லாக்காரர் ஒருத்தர் ஈஸ்டருக்கு ஊருக்கு வர்றார். திருவனந்தபுரத்தில் இறங்குவார், நீ போய் வாங்கிக்கணும். பொட்டலம் கட்ட எனக்கு உன் அளவு வேணும். டேப் இல்லைன்னா அம்மையோட தையல்பெட்டியில் இருக்கு. தொப்புளுக்குக் கீழே இடுப்புச் சுத்து எத்தனை இஞ்சு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் எத்தனை இஞ்சுன்னு அளந்து, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அனுப்பு. சித்தப்பாவோட அளவையும் சேத்து அனுப்பு. தோட்டத்தில் இப்பவும் அவர் வாளைத் தூக்குறார்னு அம்மை சொன்னா.

அன்புடன்,
அண்ணன்