அப்பாவின் ஈரல், உன் ரிப்போர்ட்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பதறிவிடுகிறாய், எனக்கும் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

அப்பாவுக்கு லிவர் சிரோசிஸ்தான், உறுதி செய்துவிட்டார்கள். கேள்விப்பட்டவர்கள் எல்லாம் முதலில் கேட்பது, "குடிப்பாரோ?" அந்தக் கேள்வியில் மனுஷன் கூனிக் குறுகிப்போகிறார். ஒரு சொட்டு தொட்டதில்லை என்று உனக்கே தெரியும். குடியால் வருவது நிறைய. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலும் வரும். இவருக்கு நாள்பட்ட சர்க்கரை, தொப்பை, அதோடு ஈரலில் படிந்த கொழுப்பு. அது உள்ளுக்குள் புண்ணாவதும் ஆறுவதுமாக இருந்து, தழும்பு ஏறி ஏறி ஈரலே முடிச்சு முடிச்சாக இறுகிவிட்டது. உன்னிடம் யாராவது கேட்டால் இதைச் சொல்லு.

வலி இல்லை, காமாலை இல்லை. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் குறைந்திருந்தது. காய்ச்சலே இல்லாமல் ஏன் குறைய வேண்டும் என்று டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மண்ணீரல் வீங்கியிருந்தது, ஈரல் ஓரம் கரடுமுரடாக இருந்தது. அப்புறம் விலா எலும்புக்கிடையில் கருவியை வைத்து ஈரலின் விறைப்பை அளக்கிற ஃபைப்ரோஸ்கேன். ஈரல் பாதிப்பை ரத்தத்தில் பார்க்கிற எஸ்ஜிபிடி டெஸ்ட் மட்டும் நார்மல்! அதை ஒன்றை வைத்துத் தைரியமாக இருக்கக் கூடாதாம்.

குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரல் வழியாகத்தான் போக வேண்டும். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் வரப்பை மீறிப் போகிற மாதிரி, அந்த ரத்தம் உணவுக்குழாய்ப் பக்கம் திரும்பி, அங்கே ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றன. எண்டோஸ்கோப்பியில் பார்த்து ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்கள். ரத்த வாந்தியோ, கரேலென்று மலமோ போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

போன மாசம் பகலெல்லாம் தூங்கி, ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருந்தார். சட்டைப் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டார். டாக்டர் இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னார். கை படக் படக்கென்று தொய்ந்து தொய்ந்து எழுந்தது. எனக்குப் பகீரென்றது. ஈரல் வடிகட்டாத அமோனியா மூளைக்குப் போனதாம், மலச்சிக்கல்தான் கிளப்பிவிட்டிருக்கிறது. இப்போது லாக்டுலோஸ் சிரப்பில், தினம் 2, 3 தடவை இளக்கமாகப் போகிறது. ஆள் தெளிவாகிவிட்டார், பேப்பர் படிக்கிறார்.

வயிற்றில் நீர் கோக்கிறதா என்று காலையில் எடை பார்க்கிறேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு நிறுத்தியாச்சு. முட்டை, பருப்பை நிறுத்தச் சொல்லி அத்தை சண்டை. அது தப்பு, புரதம் குறைந்தால் சதை கரைந்துவிடும். ராத்திரி படுக்கும் முன்னும் ஏதாவது சாப்பிடக் கொடுக்கிறேன். மூட்டு வலிக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரை கூடவே கூடாது. புற்றுநோய் வருகிறதா என்று 6 மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் உண்டு.

உன் மெடிக்கல் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று இருந்ததே, எல்லாருக்கும் இருக்கிறது என்றாய். உனக்கும் அப்பா உடம்புவாகுதான், ராசா. சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. தழும்பு ஏறாத நிலையில் எடையைக் குறைத்தால் ஈரல் தேறிவிடும் என்று டாக்டர் என்னிடமே சொன்னார். அங்கேயே ஃபைப்ரோஸ்கேன் எடு, ஹெபடைடிஸ் பி, சி டெஸ்டும் பார். ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அப்பாவோடு போகும்போது டாக்டரிடம் காட்டுகிறேன். லீவு போட்டு இப்போதே ஓடி வர வேண்டாம், பொங்கலுக்கு வந்தால் போதும்.

அன்புடன்,
அம்மா