வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: உங்கள் போர்டுகளை நாங்கள் பூட்டவில்லை

பேரன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புதுவயல் அரிசி ஆலைகளுக்கு டிரையர் போர்டு, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மோட்டார் டைமர், கானாடுகாத்தான் வீடுகளுக்குத் தொட்டி நீர்மட்டப் போர்டு என்று காரைக்குடியிலிருந்து நாங்கள் செய்து தரும் மின்னணுச் சுற்றுப் பலகைகளைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் பட்டறையில் எங்கள் பக்கத்தில் அமர்ந்தே புரோகிராம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சில வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு பரவுகிறது. வேறு எவரும் புரோகிராமை மாற்றிவிடக் கூடாது, மாற்ற வேண்டுமானால் எங்களிடமே வந்து பணம் கட்ட வேண்டும் என்பதற்காக நாங்கள் சிப்பைப் பூட்டி அனுப்புகிறோமாம். போர்டில் பழுது என்று சொல்லியிருந்தால் வருத்தம் தெரிவித்துத் திருத்திக் கொடுத்திருப்பேன். வேண்டுமென்றே பூட்டினோம் என்ற சொல்லை மட்டும் என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

நாங்கள் பயன்படுத்துவது எஸ்டிஎம்32 எஃப்103 சிப். அதில் படிக்கும் தடையை, அதாவது உள்ளிருப்பதைப் பிறர் படிக்கவிடாத பூட்டை, இயக்கியிருந்தாலும் புரோகிராமர் (சிப்பில் புரோகிராம் ஏற்றும் கருவி) சிப்போடு இணையும். உள்ளிருக்கும் நினைவகத்தைப் படிக்கத்தான் விடாது. தடையை நீக்கினால் நினைவகம் முழுவதும் அழிந்துவிடும். ஆனால் நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்கள் அனைத்திலும் சிப்பே கண்ணில் படவில்லை என்ற செய்திதான் இருக்கிறது. அது பூட்டின் அடையாளம் அன்று, இணைப்புக் குறையின் அடையாளம்.

குறை எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிப்பின் பின்களில் (கால்களில்) பிஏ13 டேட்டாவுக்கும், பிஏ14 அதற்குத் தாளம் கொடுக்கும் கிளாக்குக்கும் உரியவை. சிப் ரீசெட் ஆனதும், அதாவது முதலிலிருந்து தொடங்கியதும், இரண்டும் புரோகிராமருக்காகத் திறந்தே இருக்கும். நீர்மட்டப் போர்டில் 48 பின்னும் போதாமல் போனதால், புரோகிராம் ஓடத் தொடங்கியதும் அவ்விரண்டையும் விளக்குகளுக்கு மாற்றிவிடும்படி எழுதியிருந்தோம். பட்டறையில் ரீசெட் கம்பியையும் சேர்த்தே இணைப்பதால், புரோகிராமர் சிப்பை ரீசெட்டில் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். எங்களுக்கு ஒரு நாளும் தடை தெரிந்ததில்லை. உங்களுக்குக் கொடுத்த இணைப்பில் 3.3 வோல்ட், கிரவுண்ட், டேட்டா, கிளாக் என்ற நான்கு துளைகள்தாம் உண்டு. ரீசெட் இல்லாததால், நம் புரோகிராம் ஓடத் தொடங்கியபின் உங்கள் புரோகிராமருக்குச் சிப் தெரிவதில்லை. ரீசெட்டை வெளியே கொண்டுவராதது எங்கள் தவறு.

பட்டறைக்குக் கொண்டுவந்து இதைச் சரிசெய்யும்வரை காத்திருக்க இயலாத நீர்மட்டப் போர்டுக்காரர்கள், போர்டில் பூட்0 என்று அச்சிட்ட இடத்தை 3.3 வோல்ட்டோடு ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். அங்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போவதால் எதுவும் கெடாது. சிப் தனக்குள்ளேயே இருக்கும் தொடக்கப் புரோகிராமான பூட்லோடரில் நின்றுவிடும், நம் புரோகிராம் ஓடாது, டேட்டாவும் கிளாக்கும் திறந்தே இருக்கும். புரோகிராம் ஏற்றியபின் கம்பியை எடுத்துவிடுங்கள். அப்போதும் இணையாவிட்டால் கம்பியின் நீளத்தைப் பாருங்கள். முழ நீள ஜம்பர் வயரை, மோட்டாரை இயக்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டர் ஓடும்போது அதன் பக்கமாகக் கொண்டுபோனால் கிளாக் குழம்பும். ஒரு சாணுக்குள் கம்பியை வைத்து, மென்பொருளில் கிளாக் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்று, யூஎஸ்பி குச்சி போன்ற மலிவான புரோகிராமர்களின் 3.3 வோல்ட் பின் மின்சாரத்தை வெளியே தரும். பல அசல் புரோகிராமர்களிலோ அந்தப் பின் போர்டின் வோல்ட்டேஜை அளக்க மட்டுமே இருக்கிறது. அவற்றை வைத்திருப்பவர்கள் போர்டுக்குத் தனியே 3.3 வோல்ட் கொடுக்காமல் இணைக்க முடியாது.

மோட்டார் டைமர் வைத்திருப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் போர்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, கண்டென்சர் வழியே மின்சாரத்தைக் குறைக்கும் சப்ளைதான் இருக்கிறது. அதன் கிரவுண்டும் மெயின் லைனோடு சேர்ந்தே நிற்கிறது. மெயின் இணைப்பில் இருக்கும்போது புரோகிராமரைச் செருகினால் லேப்டாப் போய்விடும், கை பட்டால் உயிருக்கே ஆபத்து. சுவிட்சை அணைத்தால் போதாது. இரு மெயின் கம்பிகளையும் கழற்றி வைத்து, கண்டென்சரில் தங்கிய மின்சாரம் இறங்கச் சற்றுப் பொறுத்து, புரோகிராமரின் 3.3 வோல்ட்டிலோ தனி பேட்டரி சப்ளையிலோ மட்டும் வேலை பாருங்கள். இதைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும், இனி அச்சிடுவோம்.

புதிய போர்டுகளில் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு துளைகள் வருகின்றன: 3.3 வோல்ட், கிளாக், கிரவுண்ட், டேட்டா, ரீசெட், ஆறாவதாகப் பிழை தேட உதவும் டிபக் செய்திகள் வெளிவரும் எஸ்டபிள்யூஓ. கிளாக்குக்கும் டேட்டாவுக்கும் நடுவே கிரவுண்ட் நிற்பதால் ஒன்றின் குழப்பம் மற்றதை எளிதில் தொடாது. 1.27 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பத்துப் பின் இணைப்பையும் யோசித்தோம். ஆனால் ஆலை வெளிச்சத்தில் நின்றபடி சோல்டர் வைக்கும் உங்கள் எலக்ட்ரீஷியனுக்கு அது பெரும்பாடாகிவிடும். முதல் துளை சதுரமாக இருக்கும், ஒவ்வொன்றின் பெயரும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். விளக்குகளையும் வேறு பின்களுக்கு மாற்றிவிட்டோம்.

பழைய நீர்மட்டப் போர்டுகளுக்கு ரீசெட் கம்பி இழுத்து, புதிய புரோகிராம் ஏற்றித் தருவதற்குக் கட்டணம் இல்லை. புரோகிராம் வேலையைப் பார்த்துவந்த தம்பி ஓசூருக்குப் போய்விட்டதால் அதைச் செவ்வாய், வெள்ளி இரு நாள்களில் நானே செய்கிறேன். புதிய போர்டுகளின் விலையும் 60 ரூபாய் கூடுகிறது.

குறையைக் குழுவில் போடுவதற்கு முன் போர்டையே எடுத்துக்கொண்டு நேரில் வந்த மூன்று ஆலைக்காரர்களுக்கும், பூட்0 வழியைத் தாமே சோதித்துப் பார்த்து அது சரி என்று எல்லாருக்கும் எழுதிய கல்லூரி மாணவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. எங்கள் முதல் டைமரை வாங்கி இன்றுவரை எங்களை விட்டுப் போகாத குடும்பங்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பட்டறை திறந்திருக்கும். போர்டோடு உங்கள் புரோகிராமரையும் கம்பியையும் எடுத்து வாருங்கள். அவற்றை வைத்தே உங்கள் கண்ணெதிரே இணைத்துக் காட்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
பட்டறை உரிமையாளர்,
காரைக்குடி