மரத்தோடு கட்டிக்கொண்டவர் மட்டுமா ஆண்டர்சன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ஓவியர் வால்டர் ஆண்டர்சனைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான குறிப்பு, 1965 செப்டம்பரில் பெட்சி புயல் வந்தபோது அவர் ஹார்ன் தீவில் தம்மை ஒரு மரத்தோடு கட்டிக்கொண்டார் என்பதில் தொடங்கி, அதிலேயே முடிந்துவிட்டது. நடந்தது உண்மைதான். ஆனால் அதை மட்டும் படிப்பவர், யாரோ ஒரு கிறுக்கர் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

1903-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் பயின்ற ஆண்டர்சன், மிசிசிப்பி மாநிலக் கடற்கரை ஊரான ஓஷன் ஸ்பிரிங்ஸில் அண்ணன் பீட்டர் 1928-இல் தொடங்கிய ஷியர்வாட்டர் மட்பாண்டப் பட்டறையில் ஜாடிகளுக்கும் தட்டுகளுக்கும் வண்ணம் தீட்டிப் பிழைத்தவர். 1930-களின் இறுதியில் மனநோய்க்காக மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. பின்னர், 1940-களின் பிற்பகுதியிலிருந்து, சிறு படகில் துடுப்பு வலித்து ஏறத்தாழ 12 மைல் கடந்து ஹார்ன் தீவுக்குப் போய், இரவில் கவிழ்த்த படகின் அடியில் படுத்து, பகலெல்லாம் நண்டையும் நாரையையும் ஆமையையும் வரைந்தார். வரைந்த தாளோ தட்டச்சு செய்யும் சாதாரணத் தாள். ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: ஈரம் பட்டதும் நெளியும் அந்த மெல்லிய தாளில் நீர்வண்ணத்தைத் திருத்த முடியாது; இட்ட தூரிகை இட்டதுதான். நண்டின் ஓட்டில் வரும் வளைவே அதைச் சூழ்ந்த அலையிலும் வருமாறு வரைவதற்குக் கை எத்தனை பழகியிருக்க வேண்டும்!

பூச்சிக்கொல்லி நஞ்சால் லூசியானாக் கரையில் பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடுகட்டுவதே 1960-களில் நின்றுபோனது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அம்மாநிலத்தின் ஷாண்டலூர் தீவுகளில் அப்பறவைகளின் கூட்டத்துக்கு நடுவே அமர்ந்து அவர் வரைந்த படங்கள் இன்று ஓவியமாகவும் அக்காலத்தின் பதிவாகவும் மதிப்புள்ளவை.

1951-இல் ஊர்ச் சமுதாயக் கூடத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டியதற்கு அவர் பெற்ற கூலி ஒரு டாலர். ஊரார் பலருக்கு அந்த ஓவியங்கள் பிடிக்கவும் இல்லை. அதே கூடத்தை ஒட்டித்தான் 1991-இல் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1965 நவம்பரில் அவர் இறந்தபின், யாரையும் நுழையவிடாமல் அவர் பூட்டி வைத்திருந்த சிற்றறையை மனைவி திறந்தார். சுவர் நான்கும் கூரையும் பூவும் பறவையும் விலங்குமாக, அந்தக் கடற்கரையின் ஒரு நாள் விடியல் முதல் இரவு வரை வரையப்பட்டிருந்தது. பெட்டியிலும் அலமாரியிலும் ஆயிரக்கணக்கான நீர்வண்ணங்கள் கிடந்தன. குடும்பத்தார் காத்துவந்த அவற்றுள் பலவற்றை 2005-இல் கத்ரீனா புயலின் வெள்ளம் நனைத்துவிட்டது.

மீண்டும் அவரைப் பற்றி எழுதும்போது, மரத்தின் கதைக்கு ஒரு வரி போதும். மிச்ச இடத்தில் ஒரு கூழைக்கடா ஓவியத்தை வண்ணத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
நாகப்பட்டினம்.