கண்ணு சின்னதா இருந்தா சீன ராஜாவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க. தமிழ்நாடு-கேரளா பார்டர்ல, கேரளா பக்கம் இருக்கற வாளையார் செக்போஸ்ட்ல இருந்து நடக்கற தூரத்துல டீக்கடை வெச்சிருக்கேன். பள்ளிக்கூட புள்ளைங்களுக்கு ஆசிய நாட்டு கலாச்சாரமெல்லாம் சொல்லிக் குடுக்கணும்னு உங்க பேப்பர்ல படிச்சேன், நல்ல விஷயந்தான், ஆனா அதை எங்க ஊர்ல எப்படி நடத்தறாங்கன்னு எழுதாம இருக்க முடியலைங்க.

என் மக ஆறாங்கிளாஸ். ஸ்கூல்ல ஒரு நாள் ஆளுக்கொரு ஆசிய நாடுன்னு வேஷம் போட்டுட்டு வரச் சொன்னாங்க, இவளுக்கு ஜப்பான். என் பழைய பட்டுச்சேலைய மடிச்சு பின்னு குத்தி, கொண்டைல ரெண்டு பென்சில் சொருகி கிமோனோன்னு அனுப்பிட்டேன். ராத்திரி சும்மா போன்ல பாத்தா, கிமோனோல இடது பக்கந்தான் மேல வரணுமாம், வலது பக்கத்த மேல போட்டு மடிக்கறது செத்தவங்களுக்கு மட்டுமாம்! நான் அப்படித்தான் குத்தி அனுப்பிருக்கேன். ஸ்கூல்ல யாருக்கும் தெரியல, பரிசு வேற குடுத்தாங்க.

சரி அது சிரிச்சுட்டு விட்டுடலாம். அதே கிளாஸ்ல ஒரு நேபாளத்துப் பையன் இருக்கான், அவங்கப்பா கஞ்சிக்கோட்டுல இரும்பு கம்பெனில வேலை, நைட் ஷிப்ட் முடிஞ்சா நம்ம கடைலதான் டீ. அந்தப் பையனுக்கு என்ன வேஷம் தெரியுங்களா, சீன ராஜா. "உனக்கு மேக்கப்பே வேண்டாம்டா"ன்னு சொல்லி எல்லாரும் சிரிச்சாங்களாம், பசங்க கண்ண விரலால இழுத்துக் காட்டிருக்காங்க. அன்னிக்கு நேபாளம்னு ஒரு நாட்டைப் பத்தி யாரும் பேசவே இல்ல, அந்த நாட்டுக்காரன் அங்கயே உக்காந்திருக்கான்!

அவங்கப்பாகிட்ட ஒரு நாள் உங்க வருஷப்பொறப்பு எப்பன்னு கேட்டேன். வைசாக மாசம் ஒண்ணாம் தேதியாம், ஏப்ரல் 13, 14 வாக்குல வருமாம், அட நம்ம சித்திரை ஒண்ணு! இங்க சேட்டன்மாருக்கு அப்பத்தான் விஷு, சில வருஷம் ஒரு நாள் முன்னப் பின்ன ஆகும் அவ்வளவுதான். அதுக்கப்பறம் தேடிப் பாத்தா தாய்லாந்துல 13ல இருந்து 15 வரைக்கும் தண்ணி ஊத்தி வெளையாடறாங்க, அதுக்கு பேரு சொங்க்ரான், நம்ம சங்கராந்திங்கற அதே வார்த்தைதான். பர்மால, கம்போடியால, இலங்கைல, வங்காளத்துல எல்லாம் அதே சமயத்துல புது வருஷம். சூரியன் மேஷ ராசிக்கு வர்ற கணக்கு. நேபாளத்துக் காலண்டர் நம்ம இங்கிலீஷ் வருஷத்தவிட 56, 57 வருஷம் முன்னாடி ஓடுது. இத ஒரு டீச்சர் போர்டுல எழுதி, டேய் உங்க வீட்டுல அன்னிக்கு என்ன பண்ணுவீங்கன்னு அந்தப் பையனக் கேட்டிருந்தா பத்து நிமிஷம்கூட ஆகாது. நாங்க கனி வெக்கறோம், அவங்க என்ன வெக்கறாங்கன்னு என் மகளே கேட்டிருப்பா.

ஆஸ்திரேலியால என் நாத்தனார் பையன் படிக்கறான். அங்க ஆசியாவப் பத்தி தனி பாடம்னு இல்லியாம், வரலாறு, பூகோளம், மொழின்னு எல்லா பாடத்துக்குள்ளயும் கலந்து வருமாம், அடுத்தவங்க கலாச்சாரத்தப் புரிஞ்சுக்கறதயும் ஒரு திறமையாவே பாடத்திட்டத்துல சேத்திருக்காங்க. அவ்வளவு தூரம் போக வேண்டாங்க. எர்ணாகுளம் ஜில்லாவுல வெளிமாநிலத்து புள்ளைங்களுக்காக 2017ல ரோஷ்ணின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அந்தந்த புள்ளையோட மொழி தெரிஞ்சவங்கள வெச்சு சொல்லித் தர்றது. பாலக்காட்டுக்கும் ஏன் கூடாது?

ஊறுகாய் போடற சீனபரணி, சீனச்சட்டி, கொச்சில இருக்கற சீனவலைன்னு எங்க மலையாளத்துல பாதி வீட்டுச் சாமானுக்கே சீனா பேருதான். அதெல்லாம் வீட்டுல வேணும், அந்த மூஞ்சி மட்டும் சிரிப்பா?

எனக்கு கோபம் வர்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நான் படிக்கறப்ப மலையாளம் டிவிஷன் பசங்க என்னைய 'பாண்டி'ன்னு கூப்பிடுவாங்க, இங்க தமிழாளுங்கள கேலி பண்ற பேரு அது, நாங்க தமிழ் டிவிஷன் பசங்களும் சும்மா இல்ல, திருப்பி என்னென்னமோ சொல்லுவோம், ரெண்டு டிவிஷனுக்கும் நடுவுல ஒரு மரப்பலகைதான். இப்ப அந்தப் பலகைய எடுத்துட்டாங்க, பேரு மட்டும் அந்தப் பையனுக்கு 'சைனா'ன்னு மாறிருக்கு.

பிடிஏ மீட்டிங்ல இதச் சொன்னேன், போர்ஷன் முடிக்கவே நேரம் பத்தலன்னு சொல்லிட்டாங்க. வேஷம் கட்ட மட்டும் ஒரு நாள் முழுக்க இருந்துச்சு! அதனாலதான் உங்களுக்கு எழுதறேன், வர்ற சித்திரைக்கு உங்க சிறுவர் பக்கத்துல இந்த வருஷப்பொறப்பு விஷயத்தப் போடுங்க, கட் பண்ணி நானே கொண்டு போய் ஸ்கூல்ல ஒட்டிக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வாளையார், பாலக்காடு ஜில்லா