இரண்டு சவரக்கத்திகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்கிறாள். உன்னைத்தான் அடிக்கடி கேட்கிறாள்.

சரி, கத்திக்கு வருகிறேன். மான்செஸ்டர் பழைய சாமான் சந்தையில் நீ பார்த்த இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தி தடியாக, ஆப்பு மாதிரி இருப்பதால் அது ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்தி அளவுக்குக் கூர் ஏறாது என்று கடைக்காரர் சொன்னாராம். அதை நம்பாதே. சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படும். வாயின் கோணத்தை நிர்ணயிப்பது முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும்தான். 19 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் முதுகு என்றால் கோணம் 15 டிகிரி. நடுவில் எவ்வளவு குழித்திருந்தாலும், குழிக்காமலே விட்டிருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. கூர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வித்தியாசமெல்லாம் வாய்க்குப் பின்னால் இருக்கும் இரும்பில். கத்தியின் நுனியை உன் கண்ணுக்கு நேராக, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். சோலிங்கன் கத்தியில் முதுகுக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் தாள் போல மெலிந்திருக்கும். சாணைச் சக்கரம் சிறிதாக ஆக ஆகக் குழி ஆழமாகும். அந்த வேலையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோலிங்கன்காரர்கள் கைதேர்ந்துவிட்டார்கள். ஷெஃபீல்டின் பழைய கத்திகளைப் பெரிய சக்கரத்தில் பிடித்தார்கள். அதனால் முழு ஆப்பு என்று நாம் சொல்பவற்றிலும் பெரும்பாலும் லேசான குழி இருக்கும். நீ அனுப்பிய இரண்டாவது படத்தில் நுனிப்பக்கம் ஒரு நிழல் தெரிகிறதே, அது அந்தக் குழிதான்.

மெலிந்த கத்தியைத் தோல் வாரில் இழுத்தால் கிணுகிணுவென்று ஒலிக்கும். கன்னத்தில் வைத்தால் ஒவ்வொரு மயிர் அறுபடுவதும் காதில் விழும். கோணம் கொஞ்சம் தப்பினால் உடனே கைக்குத் தெரிந்துவிடும். அந்த ஒலிக்கு மயங்கித்தான் பலர் முழுக்குழி கத்தி தேடி அலைகிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் மோவாயில் தாடி கம்பி போல முரடாக இருந்தால் மெல்லிய வாய் லேசாக வளைந்து கொடுக்கும். அந்த இடத்தில் ஆப்புக் கத்தி அசையாது. அதன் கனமே பாதி வேலையை முடித்துவிடும், நாம் அழுத்தவே வேண்டாம். சத்தம் இருக்காது, அவ்வளவுதான். உன் தாடி எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் இரண்டு நாளைக்கொரு பிளேடைத் தூக்கிப் போட்டவன் நீ. ஷெஃபீல்டையே வாங்கு.

தீட்டும் வேலைதான் கொஞ்சம் கூடுதல். குழித்த கத்தியில் கல் தொடுவது வாயில் ஒரு மெல்லிய கோடு, முதுகில் ஒரு கோடு. ஆப்பில் வாய்ப்பக்கம் ஒரு பட்டையே தேய வேண்டியிருக்கும். முதுகில் ஒரு சுற்று டேப் ஒட்டித் தீட்டினால் கோணம் ஒரு துளி ஏறும், பட்டை குறுகும், வேலையும் சுலபம். டேப் ஒட்டினால் கத்தியின் கற்பு போய்விடும் என்று சிலர் பேசுவார்கள். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே.

ஷெஃபீல்டு கத்தியில் ‘சில்வர் ஸ்டீல்’ (வெள்ளி எஃகு) என்று பொறித்திருப்பதால் வெள்ளி இருக்கிறதா என்று கேட்டாய். 1820ஐ ஒட்டி லண்டனில் ஸ்டோடர்ட் என்ற கத்தி வணிகரும் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் வூட்ஸ் என்ற நம் நாட்டுப் பழைய எஃகை ஆராய்ந்தார்கள். அப்படியே எஃகில் வேறு உலோகங்களையும் கலந்து பார்த்தார்கள். 500இல் ஒரு பங்கு வெள்ளி சேர்த்தது அதில் ஒன்று. அதற்குப் பிறகுதான் அந்தப் பெயருக்கு மவுசு வந்தது. பொறித்த கத்தியிலெல்லாம் வெள்ளி இருக்கும் என்று எண்ணி அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே.

பிடிக்குப் பக்கத்தில் ‘ஷெஃபீல்டு’ மட்டும் இருந்து ‘இங்கிலாந்து’ இல்லையென்றால், அநேகமாக 1891க்கு முந்தையது. அமெரிக்கா புதுச் சுங்கச் சட்டம் போட்டு, இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. சோலிங்கன் கத்தியில் ‘ஜெர்மனி’ தெளிவாக இருப்பதால் அது அதற்குப் பின் வந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

காசு கொடுக்குமுன் முதுகை மட்டும் நன்றாகப் பார்த்துவிடு. ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்து தட்டையாகியிருந்தால் வேண்டாம். வாயோரத்தில் துருக்குழி இருந்தாலும் விட்டுவிடு. நடுவில் கறை இருந்தால் பரவாயில்லை. பளபளப்பாக்கித் தருகிறேன் என்று கடைக்காரர் மெஷினில் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள். சூடேறினால் வாயின் பதம் போய்விடும்.

அப்புறம், பொங்கலுக்கு வரும்போது அதைக் கைப்பையில் வைத்துவிடாதே, செக்-இன் பெட்டியில் போடு. கல்லும் வாரும் இங்கே தயார்.

அன்புடன்,
ரகு