குயிலும் காகமும் புறாவும்: மகளுக்கு

அன்பு மகளுக்கு,

விடியுமுன்னே குயில் எழுப்பிவிடுகிறது, கீழே இறங்கினால் காகம் தலையில் கொத்த வருகிறது, பால்கனியில் புறாவின் முனகல் ஓயவில்லை, எதை வாங்கி மாட்டினால் இவை போகும் என்று கேட்டிருந்தாய். எதையும் வாங்குமுன் இதைப் படித்துவிடு. மூன்று பறவையும் மூன்று காரணத்துக்காக அங்கே இருக்கின்றன. காரணத்தைத் தொடாமல் பறவையை விரட்ட முடியாது.

உன்னை எழுப்புவது ஆண் குயில். கறுத்த உடம்பு, சிவந்த கண். இணையைக் கூப்பிடுகிறது, மற்ற ஆண்களுக்குத் தன் எல்லையைச் சொல்கிறது. சுருதி படிப்படியாக ஏறி, உச்சத்தில் நின்று, மறுபடி தொடங்கும். அந்த நேரத்தில் வண்டிச் சத்தமும் காற்றும் அடங்கியிருப்பதால் குரல் வெகுதூரம் போகும். பெண் குயில் தன் முட்டையைப் பெரும்பாலும் காகத்தின் கூட்டில்தான் இடும். அதனால் காகம் கூடு கட்டிய மரத்தைக் குயில் சுற்றிக்கொண்டே இருக்கும். உன் முதல் இரண்டு தொல்லைக்கும் பெரும்பாலும் ஒரே மரம்தான் காரணம். கூடு கட்டும் பருவம் முடிந்தால் இரண்டும் தானாகவே குறையும்.

காகம் அதிகம் பாய்வது குஞ்சு கூட்டைவிட்டு இறங்கும் நாட்களில்தான். சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சு கீழ்க்கிளையிலோ தரையிலோ உட்கார்ந்திருக்கும். அந்த ஓரிரு வாரம் வேறு வழியாகப் போ, அல்லது குடையை விரித்துக்கொண்டு போ. பெரும்பாலும் பின்னாலிருந்துதான் பாயும், திரும்பிப் பார்த்தால் விலகும். கல்லெறியாதே. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ஒரு குறிப்பிட்ட முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து, பிறகு பறக்கவிட்டார்கள். அதன்பின் அதே முகமூடியோடு யார் நடந்தாலும் அவை பல ஆண்டுகள் திட்டித் துரத்தின. குஞ்சு நடுப்பாதையில் கிடந்தால் அருகிலுள்ள புதரிலோ தாழ்ந்த கிளையிலோ எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடு. மனிதக் கை பட்டதற்காகத் தாய் ஒதுக்கிவிடாது.

புறாவுக்குத்தான் நிஜமாகவே வேலை இருக்கிறது. அதற்கு வேண்டியது தட்டையான ஒரு விளிம்பும் பக்கத்தில் தீனியும். ஏ.சி. வெளிப்பெட்டியின் பின்புறம் அதற்கு அருமையான இடம். இரண்டு முட்டை இடும், சுமார் 18 நாள் அடைகாக்கும், குஞ்சு பறக்க இன்னும் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அவை பறக்கும் முன்பே அடுத்த முட்டை வந்துவிடவும் கூடும். ஆகவே சுள்ளி சேரும்போதே, முட்டை வருமுன், தினமும் எடுத்துவிடு. ஏற்கெனவே முட்டையோ குஞ்சோ இருந்தால் பொறுத்திரு. குஞ்சு பறந்து, புது முட்டை இல்லாத அந்த இடைவெளியில் அடைத்துவிடு. முட்டையுள்ள கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் குற்றம். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டமும் அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டுச் சட்டமும் காட்டுப் பறவைகளின் கூடுகளைக் காக்கின்றன. எந்தப் பறவைக்கு எந்த விதி என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுவிட்டுச் செய்.

அடைக்க வலைதான் நம்பகமானது. புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண் போதும். மைனா அளவுப் பறவையும் வந்தால் 28, சிட்டுக்குருவிக்கு 19. வெயில் தாங்கும் பாலிஎத்திலீன் வலையாகக் கேட்டு வாங்கு. வலையை நேராகச் சுவரில் ஆணியடிக்கக் கூடாது. முதலில் நான்கு பக்கமும் கொக்கி போட்டு, அதில் கம்பியை இறுக்கி இழுத்து, அந்தக் கம்பியோடு வலையைக் கட்ட வேண்டும். தொய்வாக விட்டால் பறவை சிறகு மாட்டிச் சாகும். கீழ் மூலைகளும் குழாய் நுழையும் இடமும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். அங்கே புகுந்த புறாவுக்கு வெளியே வரத் தெரியாது, உள்ளேயே அடித்துக்கொள்ளும். கட்டி முடித்ததும் மூலைகளைக் கையால் தள்ளிப் பார். வலை வேண்டாத சிறிய விளிம்புக்கு 45 பாகைக்குக் குறையாத சரிவில் ஒரு வழுவழுப்பான பலகை வைத்தாலே நிற்க முடியாமல் போய்விடும். புறா உட்காராமலிருக்க விற்கும் ஊசிப் பட்டைமேல் குப்பை சேர்ந்தால் அதன்மேலேயே கூடு கட்டும். பறவையை விரட்ட விளிம்பில் தடவும் ஒட்டும் பசை மட்டும் கூடவே கூடாது. சிறகில் ஒட்டிச் சின்னப் பறவைகள் துடித்துச் சாகும்.

அதற்குமுன் எச்சத்தைச் சுத்தம் செய்ய வேண்டுமே, அதில் அவசரப்படாதே. காய்ந்த எச்சத்தைக் கூட்டினால் தூசி நுரையீரலுக்குள் போகும், பூஞ்சைத் தொற்று வர வாய்ப்புண்டு. பால்கனிக் கதவைச் சாத்தி, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, தண்ணீரைத் தெளித்து நன்றாக ஊறவிட்டுச் சுரண்டி எடு. ஈரத்தோடே பையில் கட்டிப் போடு.

மீயொலிக் கருவி விற்பவரை நம்பாதே. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், பெரும்பாலான பறவைகளுக்கு அவ்வளவுகூடக் கேட்காது. நமக்கே கேட்காத ஒலி அவற்றை எப்படி விரட்டும்? பிளாஸ்டிக் ஆந்தையும் தொங்கவிட்ட குறுந்தகடும் சில நாள் பலிக்கும், பிறகு ஆந்தைமேலேயே உட்காரும்.

இனி உன் தூக்கம். குயிலுக்குச் செய்ய வேண்டியது மரத்தில் இல்லை, சன்னலில் இருக்கிறது. மூடிய சன்னலின் பரப்பில் நூறில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால்கூட, கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சத்தம் 20 டெசிபலுக்குமேல் குறையாது. ஆகவே கண்ணாடியை மாற்றுவதற்குமுன் இடுக்கை அடை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒருவரை வெளியே நின்று சட்டத்தைச் சுற்றி டார்ச் அடிக்கச் சொல். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் வரும். திறந்து மூடும் சன்னலுக்கு ஒட்டும் ரப்பர் பட்டை போடு. பக்கவாட்டில் தள்ளும் சன்னலுக்கு ரப்பர் தேய்ந்துவிடும், தூரிகைபோல் இழைகள் உள்ள பட்டைதான் சரி. இடுக்கைவிடச் சற்றுத் தடித்த பட்டையாக இருந்தால்தான் அமுங்கி அடைக்கும். மிகத் தடித்தால் கொண்டி விழாது. கனமான திரையை மட்டும் நம்பாதே, அது எதிரொலியைக் குறைக்குமே தவிர வெளிச் சத்தத்தைத் தடுக்காது. கட்டிலை மரம் இல்லாத பக்கச் சுவருக்கு நகர்த்து. காற்றுக்கு அந்தப் பக்கச் சன்னலையே திறந்துவை. மின்விசிறியின் சீரான இரைச்சலும் குயிலின் திடீர்க் குரலைக் கொஞ்சம் மழுக்கும்.

பக்கத்து வீட்டில் யாராவது புறாவுக்குத் தானியம் இறைத்தால் சண்டைக்குப் போகாதே. அவர்களும் பறவைமேல் பிரியப்பட்டுத்தான் செய்கிறார்கள். தானியத்துக்குப் பதில் தண்ணீர்ப் பாத்திரம் வைக்கலாம், பூச்செடி வளர்க்கலாம், அவை அந்த அளவுக்குப் புறாக் கூட்டத்தைச் சேர்க்காது என்று சொல்லிப் பார். குப்பைத் தொட்டி மூடியைப் பற்றிக் குடியிருப்புச் சங்கத்தில் நீயே பேசு, காகத்தை இழுப்பது அதுதான்.

சன்னல் சட்டத்தில் இடுக்கு எத்தனை மில்லிமீட்டர், சன்னல் எந்த வகை என்று அளந்து எழுது. எந்தப் பட்டை, எத்தனை மீட்டர் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா