கேள்வி ஃபார்மை வெட்டித் திருத்தின அப்பா அம்மாக்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். குடும்ப நல மையத்தை எப்படி நடத்தலாம்னு குடும்பங்களோடவே உக்காந்து பேசி முடிவெடுத்தோம்ல, அந்த வேலை ஒரு வழியா ஒரு கட்டத்துக்கு வந்திருச்சு, நன்றி சொல்லாம விட்டா மனசு கேக்காது.

முதல் நன்றி உங்களுக்குத்தான். வாடகை பாக்கி, வேலை போன கவலை, வீட்ல நிம்மதியில்லை, இத்தனைக்கும் நடுவுல வந்தீங்க, வந்து சும்மா தலையாட்டிட்டும் போகலை. அந்த முதல் ஃபார்ம் ஞாபகம் இருக்கா? 1990கள்ல அமெரிக்காவுல 17,000 பேருக்கு மேல வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, சின்ன வயசுல பட்ட கஷ்டத்துக்கும் பின்னாடி வர்ற வியாதிக்கும் தொடர்பு இருக்குன்னு காட்டினது, அதுலருந்து வந்த 10 கேள்வியை ரிசப்ஷன்லயே குடுத்து நிரப்பச் சொல்லலாம்னு பேச்சு. வீட்ல அடிதடி உண்டாங்கிற கேள்விக்குப் பக்கத்துல ஒரு அம்மா பேனாவால "பின்னாடி நிக்கிறவர் படிப்பாரே"ன்னு எழுதினாங்க, கீழயே "தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்வீங்க?"ன்னு இன்னொரு வரி. அந்த ரெண்டாவது வரிதான் எல்லாத்தையும் மாத்துச்சு. ஆய்வு நடத்தினவங்கள்ல ஒருத்தரான ராபர்ட் ஆண்டாவே 2020ல, அந்தக் கேள்விகளுக்கு எத்தனை 'ஆமா'ன்னு எண்ணி வர்ற ஸ்கோரை வச்சு தனி ஆளை எடை போடக்கூடாதுன்னு எழுதியிருக்கார், நாங்க அதைத் தேடிப் படிச்சது அப்புறம்தான், நீங்க படிக்காமலே சொல்லிட்டீங்க!

இப்ப அந்த லிஸ்ட் கிடையாது. கதவை சாத்திட்டு நர்ஸ் "இப்போதைக்கு எதுல உதவி வேணும்?"னு கேப்பாங்க, சொன்னதை உங்க சம்மதத்தோட ஒரு தடவை எழுதிக்கிட்டா போதும், வாடகை பிரச்சனைக்கும் சட்ட உதவிக்கும் ஆள் அதே இடத்துல இருப்பாங்க, போற இடமெல்லாம் முதல்லருந்து கதை சொல்ல வேண்டாம்.

மொழிபெயர்த்தவங்களுக்கு பெரிய நன்றி, கோபமா சொன்னதை கோபமாவே சொன்னீங்க, சர்க்கரை தடவலை. பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டவங்களுக்கும்தான்.

கணக்குப் பிரிவுக்காரங்களை யாரும் நினைக்க மாட்டாங்க, நான் நினைக்கிறேன். திட்டமிடுறதுல மக்களுக்கும் பங்கு உண்டுன்னு 1978லயே அல்மா அட்டா பிரகடனத்துல, அதாவது ஆரம்ப சுகாதாரத்துக்காக உலக நாடுகள் கூடி வெளியிட்ட அறிக்கையில, எழுதியாச்சு, ஆனா பஸ் காசும் வந்த நேரத்துக்கான பணமும் அன்னிக்கே கைக்கு வரலைனா யாரால வர முடியும், அதுக்காக அவங்க போட்ட பேப்பர் சண்டை தனிக்கதை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல திறந்து வைக்கணும்னு கேட்டீங்களே, அது இன்னும் ஆகலை, ஆள் பத்தலைங்கிறாங்க. அடுத்த கூட்டத்துல முதல் பேச்சே அதுதான், வந்துருங்க, பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க.